பேரன் மூக்கைக் காட்டாத மோடம்

செந்தில், கோமதி, இதை ரெண்டு பேரும் தனித்தனியாக வாசிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். போன வாரம் சாப்பிடும்போது நீங்கள் போட்ட சண்டைதான் என்னை எழுத உட்கார வைத்தது. அந்த வக்கீல் வீட்டுக்கு எந்த ரூட்டரை வைப்பது என்பதில் ஆரம்பித்தது சண்டை. செந்தில், நீ ஆறு ஆண்டெனாக் கொம்பு வைத்ததுதான் நல்லது என்றாய். கோமதி, நீ “கொம்பை வச்சு என்ன முட்டவா போகுது, உள்ள என்ன இருக்குன்னு பாரு” என்றாய். உங்கள் அம்மா “சாம்பார் ஆறுது” என்றாள். மூன்று பேரில் அவள் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. நீங்கள் ரெண்டு பேரும் பெட்டியைப் பற்றியே பேசினீர்கள். அவள்தான் எதிரே இருந்த ஆட்களைப் பார்த்துப் பேசினாள்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நீங்கள் படித்த நெட்வொர்க் பாடம் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் வீடு வீடாகப் போய் டிவி ஆண்டெனா, பூஸ்டர், மோடம், கடைசியில் ரூட்டர் என்று மாட்டிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவன். பெட்டியின் பெயர்தான் மாறிக்கொண்டு வந்தது. கதவைத் திறக்கிறவர் கேட்கிற கேள்வி ஒன்றேதான்: “இதைவிட நல்லதா ஒண்ணு இருக்கா?”

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது திருச்செந்தூரில். அங்கே ஒரு விடுதியில் காலையானால் டிவி படம் கலங்கிவிடும். விடுதிக்காரர் “நல்ல பூஸ்டரா மாட்டுடே” என்றார். மாட்டினேன். மறுநாள் காலையில் படம் வந்தது, ஆனால் இலங்கை டிவி வந்தது. செய்தி வாசிக்கிற பெண் சிங்களத்தில் வாசிக்க, மொட்டை போட்ட ஒரு குடும்பமே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. மாடியில் ஏறிப் பார்த்தால், கடலில் குளித்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் ஆண்டெனாக் கம்பத்தில் கயிறு கட்டி ஈர வேட்டியைக் காயப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கனத்தில் ஆண்டெனா பையத் திரும்பிக் கடலைப் பார்த்து நிற்கிறது. நான் மாட்டிய நல்ல பூஸ்டர், பாவம், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. கொடியை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டியதும் எல்லாம் சரியானது.

இதெல்லாம் சும்மா முன்னுரை. நான் சொல்ல வந்தது பெருமாள்புரம் அண்ணாச்சி வீட்டுக் கதை.

நீங்கள் ரெண்டு பேரும் கைக்குழந்தைகளாக இருந்த சமயம் அது. தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்த்தேன். அப்போது இணையம் வீட்டுக்குள் காற்றில் வராது. டெலிபோன் கம்பி வழியாகத்தான் வரும். கம்பிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மோடம் என்று ஒரு பெட்டி. அது ஒரு நம்பரைச் சுழற்றி, கீச்சுக் கீச்சென்று கத்தி, அந்தப் பக்கத்தோடு பேசி முடித்தால்தான் நெட் வரும். நெட் ஓடும்போது போன் பேச முடியாது. போன் பேசும்போது நெட் ஓடாது. ஒரே கம்பி.

அண்ணாச்சி அரசாங்க ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் அமெரிக்காவில். பேரன் பிறந்திருந்தான். மகள் பிள்ளையின் போட்டோவை மெயிலில் அனுப்பியிருந்தாள். அதைப் பார்க்கத்தான் அவர் கம்ப்யூட்டரே வாங்கினார். தூசி படக் கூடாது என்று பின்னறையில் வைத்து, மேலே துணி போட்டு மூடி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும் என்றும் சட்டம் போட்டிருந்தார். போன் வாசல் பக்கத்து முன்னறையில், சன்னலோரம் இருந்தது. அவர் மனைவி, எனக்கு மதினி, அதற்கும் பூ வேலை செய்த ஒரு துணி தைத்துப் போட்டிருந்தார்.

அந்தக் காலத்து இணையத்தில் படம் மொத்தமாக வராது, தெரியும்தானே. மேலேயிருந்து கோடு கோடாக இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி நெட்டைப் போடுவார். பேரனின் முடி வரும். நெற்றி வரும். புருவம் வரும். கண் வரும். அத்தோடு இணைப்பு அறுந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி முடியிலிருந்து ஆரம்பம். சில வாரம் நெற்றியோடு நின்றுவிடும். எத்தனை முறை போட்டும் மூக்கு வரவே இல்லை.

அந்த வீட்டில் மூக்கு சாதாரண விஷயம் இல்லை.

“கண்ணு அப்படியே எங்க அய்யா கண்ணு. மூக்கும் எங்க வீட்டு மூக்காத்தான் இருக்கும்” என்பார் மதினி.

“உங்க வீட்ல எவனுக்கு மூக்கு இருந்துது? மூக்குக் கண்ணாடி போட்டா வழுக்கி வாயில வந்து நிக்கும். மூக்குன்னா எங்க தாத்தா மூக்கு. அவரு ஆபீசுக்குள்ள வாரதுக்கு முன்னால மூக்கு வரும். அதைப் பாத்துட்டே எல்லாரும் எந்திரிச்சு நிப்பான்” என்பார் அண்ணாச்சி.

இதில் தூத்துக்குடிச் சம்பந்தி வேறு வாராவாரம் போன் போட்டு, “என்ன, பேரன் முகத்தைப் பாத்தாச்சா? நீங்கதான் கம்ப்யூட்டர்லாம் வச்சிருக்கீங்களே” என்று கேட்பாராம். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் அவர் கேட்கிற தோரணையில் அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் எரியும்.

முதலில் கம்ப்யூட்டரோடு வந்த மோடம் சரியில்லை என்று மாற்றினார். மாற்றிய மோடமும் அதே மாதிரி கண்ணோடு நின்றது. கடைக்கு வந்து சத்தம் போட்டார். எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கறுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு வெளிநாட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தார். “இதைவிட நல்லது திருநெல்வேலிச் சீமையிலயே கிடையாதுன்னு சொல்லு. கம்பியக் கவ்விப் பிடிச்சா விடவே விடாதுன்னு சொல்லு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் பெட்டியோடு போனேன். அண்ணாச்சி வாசலிலேயே நின்றார்.

“வாரும்வே. இன்னைக்கு மூக்கு வரலன்னா அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு நீரே போயிரும்.”

“வந்துரும் அண்ணாச்சி. இது கம்பியக் கவ்விப் பிடிச்சா விடவே விடாது.”

“எனக்கு இந்த போன் மேலயும் ஒரு சந்தேகம் இருக்கு. தெருவுல போறவன் வாறவன்லாம் எடுக்கான். ஒருநாள் பெட்டி செஞ்சு பூட்டைப் போடப் போறேன் பாரும்.”

அவர் சொன்னதில் பாதி நிஜம். அப்போது தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் போன். மற்றவர்கள் எல்லாம் அந்த வீட்டு நம்பரை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டு ஊரெல்லாம் கொடுத்திருப்பார்கள். போன் வந்தால் அந்த வீட்டுக்காரர் மதில் வழியாகக் கூப்பிடுவார். அண்ணாச்சி வீட்டு நம்பரை அப்படி வைத்திருந்தவர்களில் ஒருத்தி பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த ரெஜினா. புன்னக்காயல்காரி. மகளைப் பாளையங்கோட்டையில் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்க வேண்டும் என்று வந்திருந்தாள். புருசன் கப்பலில் வேலை. கப்பல் துறைமுகத்தைப் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை பார்த்து அண்ணாச்சி வீட்டு நம்பருக்கு அடிப்பான்.

புதுப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பழையதை ஒருதரம் ஓட்டிப் பார்ப்போம் என்று பின்னறையில் உட்கார்ந்தேன். நெட் கிடைத்தது. பேரனின் முடி இறங்கியது, நெற்றி வந்தது. புருவம் தொட்டதும் டொக்கென்று அறுந்தது. மதினி “போச்சு” என்றார். எனக்கு அந்த “டொக்” மேல் சந்தேகம். மோடம் தானாகச் சாகும்போது அப்படிச் சாகாது. கம்பியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, சுவரோரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டே முன்னறைக்குப் போனேன்.

ரெஜினா நின்றாள். சுடுகிற சட்டியை இறக்கி வைக்கிற மாதிரி ரிசீவரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா செய்யுதீய?”

“ஒண்ணுமில்லண்ணே. போன்ல உயிர் இருக்கான்னு பாத்தேன்.”

“இருக்கா?”

“இருக்கு. ஆனா நோவுல கெடந்து முனங்குத மாதிரி இருக்கு.” குரலைத் தணித்தாள். “ஞாயித்துக்கெழமையானா இப்படித்தான் சத்தம் வருது. அண்ணாச்சிட்ட சொல்லிராதீய. நாந்தான் கெடுத்துட்டேன்னு நெனைப்பாவ.”

விஷயம் இதுதான். போன மழைக்காலத்தில் போன் செத்துப்போய்க் கிடந்திருக்கிறது. அது செத்தது யாருக்கும் தெரியவில்லை. அவள் புருசன் எங்கேயோ இருந்து அடித்து அடித்து ஓய்ந்துபோய்க் கப்பல் ஏறிவிட்டான். இவள் இங்கே கப்பலுக்கு என்ன ஆனதோ என்று மாதாவிடம் அழுதுகொண்டிருந்திருக்கிறாள். அன்றிலிருந்து, ரிங் அடிக்காமல் கொஞ்ச நேரம் போனால் பைய வந்து ரிசீவரை எடுத்து, ர்ர்ர் என்று சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இப்போது மகளுக்குப் புது நன்மை, அதாவது சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற காலம். அப்பா வருவாரா மாட்டாரா என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவன் சொன்னால்தான் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவள் கை சும்மா இருக்காது.

பேரனின் மூக்கு எங்கே போய்க்கொண்டிருந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பிள்ளைகளே, நம் தொழிலில் பழுதைக் கண்டுபிடிக்கிறது பாதி வேலைதான். கண்டுபிடித்ததை வைத்து என்ன செய்வது என்று நிற்கிற அந்த நிமிஷம்தான் கஷ்டமானது. நேரே போய் அண்ணாச்சியிடம் சொல்லலாம். போனுக்குப் பூட்டு விழும், அவள் புருசன் குரல் அந்தப் பூட்டுக்குள்ளே கிடக்கும். கம்பியை மாற்றிக் கட்டி, நெட் ஓடும்போது முன்னறை போன் துண்டிக்கப்படும்படி செய்யலாம். சுலபமான வேலை. ஆனால் அவள் ரிசீவரை எடுப்பாள், ஒரு சத்தமும் வராது, போன் மறுபடி செத்துவிட்டது என்று நடுங்கிப்போவாள். மூன்றாவது வழி, உள்ளே பிரிக்காமல் வைத்திருந்த கறுப்புப் பெட்டி.

“அக்கா, உள்ள நெட் ஓடுது. கொஞ்ச நேரம் போனைத் தொடாம இருங்க, போதும்” என்றேன்.

“சரிண்ணே. அதுக்குள்ள அவிய அடிச்சா?”

“நெட் ஓடும்போது ரிங் அடிக்காதுக்கா.”

“பெறவு?”

“அவருக்கு எங்கேஜ்னு வரும்.”

அவள் முகம் மாறிவிட்டது. “எம்புட்டு நேரத்துக்கு?”

“மூக்கு வார வரைக்கும்.”

“யாரு மூக்கு?”

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் இவள் ரிசீவரை எடுத்து எடுத்து நெட்டை அறுத்ததால்தான், நடுநடுவே கம்பி சும்மா இருந்திருக்கிறது. கவ்விப் பிடித்தால் விடாத பெட்டியை நான் மாட்டியிருந்தால் அண்ணாச்சிக்கு மூக்கு கிடைத்திருக்கும். இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கேஜ்தான். நல்ல பெட்டிதான். யாருக்கு நல்லது?

“மூக்கு வந்ததும் நானே அறுத்துடுதேன். நீங்க இந்த நாற்காலியில உக்காந்து போனுக்குக் காவல் இருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

“என்னவே, புதுசைப் பிரிக்கலையா?” என்றார் அண்ணாச்சி.

“பழசையே ஒருதரம் பாத்துருவோம் அண்ணாச்சி.”

“பழசுலதான் மூக்கே இல்லியே!”

மோடம் கீச்சிட்டது. இணைப்பு கிடைத்தது. முடி. நெற்றி. புருவம். கண். மதினி கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். கண்ணுக்குக் கீழே ஒரு கோடு இறங்கியது, இன்னொன்று இறங்கியது. இரண்டு கண்ணுக்கும் நடுவில் மூக்குத்தண்டு எட்டிப் பார்த்தது.

“வருதுங்க! மூக்கு வருதுங்க!” என்றார் மதினி.

திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியைக் காணோம்.

டொக்.

முன்னறையிலிருந்து அவர் குரல் தெருவுக்கே கேட்டது. “ஹலோ! சம்பந்தியா? ஹலோ! மூக்கு வருது… ஏ, என்னவே இது, போனுக்குள்ள யாரோ கத்துதான்!”

தூத்துக்குடிக்காரரிடம் முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில் ஓடிப்போய் ரிசீவரை எடுத்துவிட்டார். மதினியும் நானும் ஓடினோம். ரெஜினா நாற்காலியை விட்டு எழுந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“எடுக்காதீயன்னு சொல்லதுக்குள்ள எடுத்துட்டாவ அண்ணே.”

“நான் எடுத்தா என்ன? என் வீட்டு போன்தான?” என்றார் அண்ணாச்சி.

“போனை எடுத்தா நெட்டு அறுந்துரும் அண்ணாச்சி. ஒரே கம்பி” என்றேன். ரெஜினாவை நான் பார்க்கவே இல்லை.

ஆனால் அவள் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. “அப்போ இத்தனை நாளா அறுத்தது நாந்தான் அண்ணாச்சி. உயிர் இருக்கான்னு எடுத்து எடுத்துப் பாப்பேன். பச்சப்புள்ள மூக்கு போகும்னு எனக்குத் தெரியாது” என்று தேம்ப ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணாச்சி முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். கையைப் பார்த்தார். ரிசீவர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

மதினி சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். “பூட்டுப் போடணும்னு சொன்னீங்களே, யாரு கைக்கு மொதல்ல போட?”

அண்ணாச்சி ரிசீவரைப் பைய வைத்தார். “சரி, அவளும் நானும் சேந்துதான் அறுத்திருக்கோம். அழாதம்மா. இப்ப என்னவே செய்யணும்?”

போன் மேல் போடுகிற பூ வேலைத் துணி ஓரமாகக் கிடந்தது. அதை எடுத்துப் போனை மூடினேன். “நெட் ஓடும்போது துணி போட்டு மூடிருங்க. துணி கெடந்தா யாரும் தொடக் கூடாது. நெட்டை அறுத்ததும் துணியை எடுத்துருங்க” என்றேன்.

“இம்புட்டுதானா?” என்றார் அவர். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ரெஜினா காவலுக்கு உட்கார்ந்தாள். அண்ணாச்சியை மதினி கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார வைத்து, கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கட்டிக்கொண்டார். மறுபடி முடியிலிருந்து ஆரம்பம். கண் வந்தது. மூக்குத்தண்டு வந்தது. இன்னும் வந்தது. வந்துகொண்டே இருந்தது. நீளமாக இறங்கி, நுனியில் கிளி மாதிரி வளைந்து நின்றது.

மதினி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மதினியைப் பார்த்தார்.

அது அண்ணாச்சி தாத்தா மூக்கும் இல்லை, மதினி வீட்டு மூக்கும் இல்லை. சுவரில் மகளின் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. அதில் சம்பந்தி நடுவில் நின்று, அதே மூக்கோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லட்சணமாத்தான் இருக்கு” என்றார் மதினி கடைசியில்.

“வளந்தா மாறும்” என்றார் அண்ணாச்சி.

“மூக்கு மாறுமாங்க?”

“பெருசாகும்.”

அதற்குப் பிறகு பேரனின் சிரிப்பு இறங்கி வந்தது. பல்லில்லாத வாய். அதைப் பார்த்ததும் ரெண்டு பேரும் மூக்கை மறந்துவிட்டார்கள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார்.

“சம்பந்திக்கு போன் போடலையா அண்ணாச்சி?” என்று நான் கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

“அதெப்படிவே போட முடியும்?” என்றார். “நெட்டை அறுத்துரும். லைன் ரெஜினாவுக்கு வேணும்லா!”

அறுத்தேன். ரெஜினா துணியை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மதினி காபி கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் நாலு பேரும் அந்த போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நான் காபியைக் குடித்து முடித்து டம்ளரை வைத்துவிட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. உள்ளூர் போன் மாதிரி இல்லாமல் நீளமாக அடித்தது. ரெண்டாவது மணி அடிக்க அவள் விடவில்லை.

“நான்தான்! நல்லாருக்கோம்! சத்தமாச் சொல்லுங்க… என்ன, போன வாரமும் அடிச்சீயளா?… எங்கேஜா?” அவள் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். “அது ஒண்ணுமில்ல, இங்கன ஒரு பச்சப்புள்ளயப் பாத்துட்டு இருந்தாவ… வாறீயளா? நெசமாவா? பிள்ளட்ட சொல்லட்டா?… ஏட்டி! ஓடியா! அப்பா வாராவளாம்!”

மதிலுக்கு அந்தப் பக்கம் சின்னக் கால் ஓடுகிற சத்தம் கேட்டது.

அண்ணாச்சி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். “ஞாயித்துக்கெழமை இனி காலையிலயே பாத்துக்கிடுதேன். மத்தியானத்துக்கு மேல துணி கெடக்காது” என்றார். கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். “அது வேண்டாம்வே. அது விடாதுன்னீரு.”

இதுதான் கதை. வக்கீல் வீட்டுக்கு நாளைக்குப் போனால், கொம்பையும் எண்ண வேண்டாம், சிப்பையும் பார்க்க வேண்டாம். முதலில் வீட்டைச் சுற்றி நடங்கள். யார் எந்த மூலையில் உட்கார்ந்து யாரோடு பேசுகிறார்கள், யாருக்கு எப்போது அவசியம் வேண்டும், யார் சொல்லத் தயங்கி நிற்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கப்புறம் பெட்டியைத் தேர்ந்தெடுக்க ரொம்ப நேரம் ஆகாது. ஆறு கொம்புதான் தேவை என்று வந்தால் ஆறு கொம்பே வையுங்கள். நான் அதற்கு எதிரி இல்லை.

அன்றைக்கு நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. சாவி என்னிடம் இருந்ததால் கடைக்குப் போய், பாதி ஷட்டரைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆள் கிடையாது. கறுப்புப் பெட்டியை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். முதலாளியிடம் நாளைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது மேஜை மேல் கடை போன் கண்ணில் பட்டது. நான் பேச வேண்டிய ஆள் யாரும் இல்லை. நம் வீட்டில் அப்போது போனும் கிடையாது. ஆனாலும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். ர்ர்ர் என்று கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பைய வைத்தேன்.